ஸ்லைடர் நகர்ந்தது, மின்னழுத்தம் நகரவில்லை

2018ஆம் ஆண்டு வாங்கிய என் மடிக்கணினியில் இருப்பது இன்டெல் கோர் ஐ7-8750ஹெச் செயலி. ஆறு கோர்களும் (தனித்தனியே கணக்கிடும் பகுதிகள்), 45 வாட் வரம்பும், ஒரு கோர் மட்டும் ஓடும்போது 4.1 கிகாஹெர்ட்ஸ் வரை எட்டும் வேகமும் கொண்ட அந்தச் செயலியை ஒரு மெல்லிய உடலுக்குள் அடைத்திருந்தார்கள். கோடையில் அறைவெப்பம் 33 டிகிரியாக இருக்கும் நாட்களில், திருமண வீடியோ ஒன்றை எக்ஸ்போர்ட் செய்யத் தொடங்கிய இரண்டாவது நிமிடத்திலேயே அது 95 டிகிரியைத் தொட்டுவிடும். ஆகவே 2019இல் செயலியின் சூட்டை வெளியே கடத்தும் தெர்மல் பேஸ்ட்டை மாற்றி, திராட்டில்ஸ்டாப் என்ற மென்பொருளின் வழியாகக் கோருக்கும், செயலிக்குள் இருக்கும் வேக நினைவகமான கேஷுக்கும் போகும் மின்னழுத்தத்தைத் தலா 115 மில்லிவோல்ட் குறைத்து வைத்தேன். அதன்பின் ஆறு ஆண்டுகள் அதைப் பற்றி நினைக்கவே தேவை ஏற்படவில்லை.

மின்னழுத்தத்தை இப்படிக் குறைப்பதை அண்டர்வோல்ட் என்பார்கள்; அதன் பயன் எளிமையானது. செயலி தின்னும் மின்திறன், அதன் வேகத்தோடு நேர்விகிதத்திலும் மின்னழுத்தத்தின் இருமடியோடும் உயர்கிறது. தொழிற்சாலையில் எல்லாச் சில்லுகளும் தவறின்றி ஓடும்படி மின்னழுத்தத்தைச் சற்றுத் தாராளமாகவே வைத்து அனுப்புகிறார்கள். நம் கையில் கிடைத்த சில்லுக்கு அந்தத் தாராளம் தேவையில்லை என்றால், அதைக் குறைத்து, அதே 45 வாட்டுக்குள் கூடுதல் வேகத்தைப் பெற்றுக்கொள்ளலாம். அளவுக்கு மீறிக் குறைத்தால் கணினி உறைந்துபோகும் அல்லது நீலத்திரை காட்டும். என் சில்லு 125இல் இரண்டு முறை உறைந்தது. 115இல் ஒரு முறைகூட உறைந்ததில்லை.

விண்டோஸ் 10க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14ஆம் தேதியோடு முடிந்தது. அந்த வாரமே வட்டைத் துடைத்துவிட்டு விண்டோஸ் 11ஐப் புதிதாக நிறுவினேன். பழைய மென்பொருள்களையும், திராட்டில்ஸ்டாப்பின் பழைய அமைப்புக் கோப்பையும் திரும்ப வைத்தேன். இரண்டு நாட்களில் விசிறியின் ஓசை பழைய காலத்தை நினைவூட்டத் தொடங்கியது. வழக்கமாக 40 நிமிடத்தில் முடியும் எக்ஸ்போர்ட் 47 நிமிடம் எடுத்தது.

இங்கே நான் செய்த முதல் தவறைச் சொல்லிவிடுகிறேன். அமைப்புக் கோப்பு அதே பழைய கோப்பு, மென்பொருளில் மின்னழுத்தக் குறைப்பை வைக்கும் ஸ்லைடரும் மைனஸ் 115இல் நிற்கிறது, ஆகவே குற்றம் தூசியிலோ பேஸ்ட்டிலோதான் இருக்க வேண்டும் என்று முடிவு கட்டி, ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுவதும் மடிக்கணினியின் அடிமூடியைக் கழற்றிக் கொண்டு உட்கார்ந்தேன். தூசி இருந்தது உண்மைதான். வெப்பத் தகட்டின் இறகுகளுக்கும் விசிறிக்கும் இடையே மெல்லிய துணிபோல் படிந்திருந்தது. பேஸ்ட்டும் காய்ந்து பொடியாகியிருந்தது. இரண்டையும் சரிசெய்து மூடியபோது, நீண்ட சுமையில் 95 டிகிரியாக இருந்த வெப்பம் 85க்கு இறங்கியது. ஆனால் ஆறு கோர்களும் ஓடும்போது இருந்த வேகம் 3.1 கிகாஹெர்ட்ஸிலேயே நின்றது. என் 2019ஆம் ஆண்டுக் குறிப்பேட்டில் அதே இடத்தில் 3.5 என்று எழுதியிருக்கிறது.

அந்த இரண்டு எண்களையும் அருகருகே வைத்துப் பார்த்த பிறகுதான் எனக்கு உறைத்தது. செயலி 45 வாட் வரம்பில் முட்டி நிற்கும்போது, அண்டர்வோல்ட் இருந்தாலும் இல்லாவிட்டாலும் வெளியேறும் வெப்பம் அதே 45 வாட்தான். ஆகவே வெப்பமானியைப் பார்த்து அண்டர்வோல்ட் வேலை செய்கிறதா என்று சொல்ல முடியாது. அதே வாட்டில் எவ்வளவு வேகம் கிடைக்கிறது என்பதுதான் சாட்சி. சூடு குறைந்தும் வேகம் திரும்பவில்லை என்றால், மின்னழுத்தம் குறையவே இல்லை என்று பொருள்.

மென்பொருளின் மின்னழுத்தப் பக்கத்தை இம்முறை கவனமாகத் திறந்தேன். ஸ்லைடர் என் விருப்பத்தைக் காட்டுகிறது. செயலியிடமிருந்து திரும்பக் கிடைத்த மதிப்பைக் காட்டும் அட்டவணை மேலே தனியாக இருக்கிறது. அதில் கோருக்கும் கேஷுக்கும் பூஜ்யம் என்றே இருந்தது. சரியாக வேலை செய்திருந்தால் அங்கே மைனஸ் 115.2 என்று வந்திருக்க வேண்டும். செயலி மின்னழுத்த வேறுபாட்டை ஒரு வோல்ட்டின் 1024இல் ஒரு பங்கு என்ற படிகளில்தான் ஏற்கும் என்பதால், 115 மில்லிவோல்ட் என்பது 118 படிகளாகி, திரும்பப் படிக்கும்போது 115.2 என்று தெரியும். அந்தப் புள்ளி இரண்டு வந்திருந்தால், கட்டளை உள்ளே போய்த் திரும்பியிருக்கிறது என்று நிம்மதியாக இருந்திருக்கலாம்.

அண்டர்வோல்ட்டைத் தடுக்கும் பூட்டுகள் மூன்று. வெளியிலிருந்து பார்த்தால் மூன்றின் அறிகுறியும் ஏறத்தாழ ஒன்றுபோல்தான் இருக்கும். எந்தப் பூட்டு என்று தெரியாமல் கண்ணில் பட்டதையெல்லாம் அணைத்துக்கொண்டே போவது, மின்வெட்டுக்குக் காரணம் தெரியாமல் வீட்டிலிருக்கும் எல்லா ஃபியூஸையும் பிடுங்கிப் பார்ப்பதைப் போன்றது.

முதல் பூட்டு, கணினியைத் துவக்கும் அடிப்படை நிரலான பயாஸில் இருப்பது. 2019 டிசம்பர் 10ஆம் தேதி பிளண்டர்வோல்ட் என்ற தாக்குதல் முறை வெளியானது. பர்மிங்காம் பல்கலைக்கழகம், பெல்ஜியத்தின் லூவன் பல்கலைக்கழகம், ஆஸ்திரியாவின் கிராட்ஸ் தொழில்நுட்பப் பல்கலைக்கழகம் ஆகியவற்றின் ஆய்வாளர்கள், நாம் அண்டர்வோல்ட் செய்யப் பயன்படுத்தும் அதே ரெஜிஸ்டரின் (செயலிக்குள் அமைப்பு மதிப்புகளை எழுதும் இடம்) வழியாகச் சரியான நொடியில் மின்னழுத்தத்தைக் குறைத்து, எஸ்ஜிஎக்ஸ் என்ற பாதுகாக்கப்பட்ட பகுதிக்குள் நடக்கும் பெருக்கலையும் மறையாக்கக் கணக்கையும் பிழையாக்கி, அந்தப் பிழைகளைக் கொண்டு உள்ளே இருந்த ரகசியச் சாவிகளையே மீட்டுக் காட்டினார்கள். இதற்கு இன்டெல், செயலியின் உள்நிரலான மைக்ரோகோடுக்கும் பயாஸுக்கும் திருத்தம் வெளியிட்டது; 2020இல் பல மடிக்கணினிகளுக்கு வந்த பயாஸ் புதுப்பிப்புகள் மென்பொருள் வழியாக மின்னழுத்தத்தை மாற்றும் வசதியையே மூடிவிட்டன.

இரண்டாவது பூட்டு ஹைப்பர்வைசர். விண்டோஸ் 11இல் மெமரி இன்டெக்ரிட்டி என்ற பாதுகாப்பு இயங்கும்போது, இயங்குதளத்தின் மையப்பகுதியான கர்னலுக்கும் கீழே, அதையே மேற்பார்க்கும் ஹைப்பர்வைசர் என்ற நிரல் ஏறி உட்கார்ந்துகொள்கிறது. கர்னலே கெட்டுப்போனாலும் கெடாத ஒரு சிறிய பாதுகாப்புப் பகுதி வேண்டும் என்பது இந்த அமைப்பின் அடிப்படை. அப்படியிருக்க, கர்னலில் ஓடி வன்பொருளோடு பேசும் ஏதோ ஒரு டிரைவர் நிரல், செயலியின் மின்னழுத்தத்தை விருப்பம்போல் இறக்க முடியும் என்றால், பிளண்டர்வோல்ட் காட்டிய அதே வழியில் அந்தப் பகுதியின் கணக்குகளையும் குலைத்துவிடலாம். ஆகவே மின்னழுத்த ரெஜிஸ்டருக்குப் போகும் எழுத்தை ஹைப்பர்வைசர் இடையில் நிறுத்திவிடுவதில் நியாயம் இருக்கிறது.

மூன்றாவது, திராட்டில்ஸ்டாப் போன்ற கருவியின் டிரைவரையே விண்டோஸ் ஏற்ற மறுப்பது. குறையுள்ள டிரைவர்களின் தடைப்பட்டியல் ஒன்று விண்டோஸ் 11இன் 2022ஆம் ஆண்டுப் புதுப்பிப்பிலிருந்து இயல்பாகவே இயங்குகிறது. வைரஸ் தடுப்பானும் தன் பங்குக்குச் சில டிரைவர்களைப் பிடித்து ஒதுக்கிவைக்கும். என் விஷயத்தில் இது இல்லை என்பதை உடனே சொல்ல முடிந்தது. ஏனென்றால் கோர் வாரியான வெப்பத்தையும் வேகத்தையும் மென்பொருள் காட்டிக்கொண்டுதான் இருந்தது. அவற்றைப் படிப்பதும் அதே டிரைவர்தான். டிரைவர் ஏறவில்லை என்றால் எதுவுமே தெரிந்திருக்காது.

எஞ்சியவை இரண்டு. விண்டோஸ் தானாகவே பயாஸ் புதுப்பிப்பையும் சில சமயம் கொண்டுவந்து நிறுவிவிடும் என்பதால், என் முதல் சந்தேகம் அதன்மேல்தான் விழுந்தது. பயாஸ் பதிப்பு எண்ணைப் பார்த்தேன். குறிப்பேட்டில் 2019இல் எழுதிய அதே எண். இருந்தாலும் எண்ணை நம்பி நிற்க விரும்பாமல், விண்டோஸ் சம்பந்தமே இல்லாத ஒரு சோதனை செய்து பார்க்க முடிவு செய்து, யுஎஸ்பி குச்சியில், வட்டில் நிறுவாமலே ஓடும் லினக்ஸ் இயங்குதளமான லைவ் உபுண்டுவைப் போட்டுக் கணினியை அதிலிருந்து துவக்கினேன்.

இந்தச் சோதனையில் ஒரு குழி இருக்கிறது; நான் அதில் விழுந்தேன். கையொப்பமிட்ட நிரல்களை மட்டும் துவங்கவிடும் செக்யூர் பூட் என்ற பயாஸ் பாதுகாப்பு இயங்கும் நிலையில் உபுண்டு துவங்கினால், லினக்ஸ் கர்னலின் லாக்டவுன் என்ற கட்டுப்பாடும் சேர்ந்து இயங்கும். 2019இல் 5.4ஆம் பதிப்போடு கர்னலுக்குள் சேர்ந்த இந்தக் கட்டுப்பாடு, முழு அதிகாரம் உள்ள ரூட் பயனரையும்கூட இந்த ரெஜிஸ்டர்களில் எழுதவிடாது. என் கட்டளைக்கு அனுமதி இல்லை என்று பதில் வந்ததும், பயாஸ்தான் பூட்டியிருக்கிறது என்று கால் மணி நேரம் தவறாக நம்பிக்கொண்டிருந்தேன். மதிப்பைப் படிக்கக்கூட முடியாததுதான் என்னைக் குழப்பியது. பிறகுதான் நினைவுக்கு வந்தது: இந்த ரெஜிஸ்டர் ஓர் அஞ்சல் பெட்டியைப் போல வேலை செய்கிறது. எந்தப் பகுதியின் மின்னழுத்தம் வேண்டும் என்ற கேள்வியை முதலில் அதில் எழுத வேண்டும். பிறகுதான் பதிலைப் படிக்க முடியும். எழுதத் தடை என்றால் படிக்கவும் வழியில்லை. விண்டோஸில் கண்ட பூஜ்யமும் செயலியின் உண்மையான மதிப்பு என்று எடுத்துக்கொள்ளத் தக்கதல்ல என்பது அப்போதுதான் புரிந்தது. கேள்வியே உள்ளே போகாதபோது பதில் எங்கிருந்து வரும்?

பயாஸில் செக்யூர் பூட்டைத் தற்காலிகமாக அணைத்தேன். வட்டுக் குறியாக்கம் வைத்திருப்பவர்கள் இதைச் செய்யும் முன் மீட்புச் சாவியைத் தாளில் எழுதிக் கையில் வைத்துக்கொள்ள வேண்டும்; நான் வைத்திருந்தேன், அடுத்த முறை விண்டோஸ் துவங்கியபோது அது கேட்கவும் செய்தது. மீண்டும் உபுண்டுவில் துவக்கி, பதினாறடிமான முறையில் 150 என்ற எண்ணுடைய அந்த ரெஜிஸ்டரில் கோருக்கும் கேஷுக்கும் தனித்தனியாக மைனஸ் 118 படிகளை எழுதினேன். இரண்டையும் ஒரே அளவில் எழுத வேண்டும். இந்தத் தலைமுறையில் ஒன்றை மட்டும் குறைத்து நான் பலன் கண்டதில்லை. திரும்பப் படித்தபோது எழுதிய மதிப்பு அப்படியே வந்தது. கர்னலின் பதிவேட்டில், பயனர் நிரல் ஒன்று இந்த ரெஜிஸ்டரில் எழுதுகிறது என்ற எச்சரிக்கையும் விழுந்திருந்தது, 5.9ஆம் பதிப்பிலிருந்து லினக்ஸ் இப்படி முணுமுணுக்கும், தடுக்காது. ஆறு கோர்களுக்கும் சுமை கொடுத்தேன்: 45 வாட்டில் 3.5 கிகாஹெர்ட்ஸ். பயாஸ் குற்றமற்றது.

செக்யூர் பூட்டைத் திரும்ப இயக்கிவிட்டு விண்டோஸுக்கு வந்தேன். கணினியின் சிஸ்டம் இன்ஃபர்மேஷன் பக்கத்தில், மெமரி இன்டெக்ரிட்டிக்கு அடித்தளமான, மெய்நிகராக்க அடிப்படையிலான பாதுகாப்பு இயங்குகிறது என்று தெளிவாகவே எழுதியிருந்தது. இதே கணினியில் விண்டோஸ் 10 இருந்தபோது இது இயங்கவில்லை. எட்டாம் தலைமுறை இன்டெல் செயலியும், 8 ஜிபி நினைவகமும், எஸ்எஸ்டியும், பயாஸில் மெய்நிகராக்கமும் இருந்து, பொருந்தாத டிரைவர் எதுவும் இல்லாவிட்டால், 22ஹெச்2 பதிப்பு முதல் புதிதாக நிறுவப்படும் விண்டோஸ் 11இல் மெமரி இன்டெக்ரிட்டி தானாகவே இயங்கத் தொடங்கும். வட்டைத் துடைத்து நிறுவியதால் நானே அதை வரவழைத்திருக்கிறேன்.

சோதனைக்காக, கோர் ஐசொலேஷன் பக்கத்தில் மெமரி இன்டெக்ரிட்டியை அணைத்துக் கணினியை மீண்டும் துவக்கினேன். இப்போது மெய்நிகராக்கப் பாதுகாப்பு இயங்கவில்லை என்று வந்தது. ஆனால் மின்னழுத்த அட்டவணையில் அதே பூஜ்யம். சிஸ்டம் இன்ஃபர்மேஷன் பக்கத்தின் கடைசி வரியைப் பார்த்தபோதுதான் காரணம் தெரிந்தது: ஹைப்பர்வைசர் ஒன்று கண்டறியப்பட்டுள்ளது என்று அங்கே எழுதியிருந்தது. விண்டோஸுக்குள் லினக்ஸை ஓட்டும் டபிள்யூஎஸ்எல்லின் இரண்டாம் பதிப்பை நான் நிறுவியிருந்தேன். அதற்குத் தேவையான விர்ச்சுவல் மெஷின் பிளாட்ஃபார்ம் என்ற வசதி, பாதுகாப்போடு எந்தச் சம்பந்தமும் இல்லாமலேயே, தன் தேவைக்காக அதே ஹைப்பர்வைசரை ஏற்றி வைத்திருக்கிறது. காவலரை வீட்டுக்கு அனுப்பிவிட்டோம் என்று நினைத்தால், அவர் வேறொரு வேலைக்காக அதே வாசலில்தான் நின்றுகொண்டிருக்கிறார். துவக்க அமைப்பைத் திருத்தும் பிசிடிஎடிட் கருவியின் மூலம் ஹைப்பர்வைசர் ஏறாதபடி செய்து மறுபடியும் துவக்கினேன். அட்டவணையில் மைனஸ் 115.2 வந்துவிட்டது. டபிள்யூஎஸ்எல் துவங்க மறுத்தது.

கண்டுபிடித்த மகிழ்ச்சி ஒருபுறம் இருக்க, இதனால் எனக்கு என்ன கிடைக்கிறது என்று அளந்து பார்க்க வேண்டியிருந்தது. செயலியின் வேகத்துக்குப் புள்ளி தரும் சினிபெஞ்ச் ஆர்23 சோதனையைப் பத்து நிமிடம் ஓட்டினேன். ஹைப்பர்வைசர் இல்லாமல், அண்டர்வோல்ட்டோடு 7,150 புள்ளிகள். மெமரி இன்டெக்ரிட்டியோடு, அண்டர்வோல்ட் இல்லாமல் 6,370. பாதுகாப்பே வேகத்தைத் தின்கிறதோ என்ற சந்தேகத்தில், இரண்டையும் அணைத்து மூன்றாவது முறையும் ஓட்டினேன்: 6,440. ஆகவே மெமரி இன்டெக்ரிட்டிக்கு நேரடியாகக் கொடுக்கும் விலை இந்தச் சோதனையில் ஒரு விழுக்காடு அளவே. ஏழாம் தலைமுறையிலிருந்து இன்டெல் செயலிகளில் இதற்கென வன்பொருள் துணை இருப்பதால் அது வியப்பல்ல. மீதியெல்லாம் அண்டர்வோல்ட் போனதால் வந்த இழப்பு. தூசி துடைத்த பிறகு 45 நிமிடம் எடுத்த எக்ஸ்போர்ட், அண்டர்வோல்ட்டோடு மீண்டும் 40 நிமிடத்துக்கு வந்தது.

ஐந்து நிமிடம். அதற்கு ஈடாக எதைத் திறந்துவைக்கிறேன் என்று பார்க்கும்போதுதான் தயக்கம் வந்தது. இத்தகைய கருவிகளின் டிரைவர்கள், கணினியின் மிக ஆழமான ரெஜிஸ்டர்களையும் நினைவகத்தையும் தொடும் அதிகாரத்தை ஒரு சாதாரண நிரலின் கையில் கொடுக்கின்றன. அவற்றின் முழுப் பயனும் அதுதான், முழு ஆபத்தும் அதுதான். கிராஃபிக்ஸ் அட்டையைச் சீரமைக்கும் எம்எஸ்ஐ ஆஃப்டர்பர்னரின் டிரைவரை, பிளாக்பைட் என்ற பணயத் தீநிரல் கும்பல் தாங்களே சுமந்துவந்து, பாதுகாப்பு மென்பொருளைக் குருடாக்கப் பயன்படுத்தியதை 2022 அக்டோபரில் சோஃபோஸ் நிறுவனம் வெளியிட்டது. விசிறி, விளக்குக் கருவிகள் பலவும் பகிர்ந்துகொண்ட வின்ரிங்0 என்ற டிரைவரை 2025 மார்ச்சில் விண்டோஸ் டிஃபெண்டர் பிடிக்கத் தொடங்கியது. 2025 ஆகஸ்டில் காஸ்பர்ஸ்கி வெளியிட்ட ஆய்வில் வந்தது திராட்டில்ஸ்டாப்பின் டிரைவரேதான். அதன் நினைவக அணுகலைக் கொண்டு வைரஸ் தடுப்பானைக் கொல்லும் தீநிரல் ஒன்றை அவர்கள் கண்டிருந்தார்கள். இந்தக் கருவிகளை எழுதியவர்கள்மேல் எனக்குக் குறை எதுவும் இல்லை. ஆறு ஆண்டுகள் அவர்களின் உழைப்பில் குளிர் காய்ந்தவன் நான். ஆனால் அந்தக் கூர்மையான கத்தியை உறையிலிருந்து எடுப்பதோடு நில்லாமல், மெமரி இன்டெக்ரிட்டியையும் நிரந்தரமாக அணைத்துவைப்பது என்பது, வாடிக்கையாளர்களின் குடும்ப வீடியோக்களும் என் வங்கிக் கணக்கும் இருக்கும் கணினியில் எனக்கு ஒப்பவில்லை.

இரண்டையும் சேர்த்து வைத்துக்கொள்ள வழி இல்லாமல் இல்லை. ஹைப்பர்வைசர் தடுப்பது தான் ஏறிய பிறகு வரும் எழுத்தை மட்டுமே. பயாஸே துவக்கத்தில் மின்னழுத்தத்தைக் குறைத்துவிட்டால் அதோடு அதற்குச் சண்டை இல்லை. நண்பர் ஒருவரின் மேசைக்கணினியில் மதர்போர்டின் பயாஸிலேயே அந்த அமைப்பு இருப்பதால், மெமரி இன்டெக்ரிட்டி இயங்கும் நிலையிலேயே அவர் அண்டர்வோல்ட்டை அனுபவிக்கிறார். பன்னிரண்டாம் தலைமுறை முதலான இயந்திரங்களின் பயாஸில் அண்டர்வோல்ட் புரொடெக்‌ஷன் என்ற அமைப்பு இருந்தால், அதுவும் இயங்குதளத்திலிருந்து வரும் குறைப்பை மட்டுமே தடுக்கும். என் மடிக்கணினியின் பயாஸோ தேதி, மொழி, துவக்க வரிசை ஆகியவற்றைத் தாண்டி எதையும் காட்டாது. மறைந்திருக்கும் பயாஸ் மாறிகளைக் கையால் திருத்தும் முறை ஒன்று உண்டு. ஓர் இலக்கம் தவறினால் கணினி கல்லாகிவிடும், மீட்கச் சில்லைத் தனியாக எழுதும் கருவி வேண்டும். என்னிடம் அது இல்லை, ஆகவே அந்த வழியில் போகவில்லை.

கடைசியில் வேறொரு முனையிலிருந்து வந்தேன். நீண்ட எக்ஸ்போர்ட்டில் 3.1 கிகாஹெர்ட்ஸ்தான் கிடைக்கும் என்பது உறுதியாகிவிட்டது. என்னை உண்மையில் எரிச்சலூட்டியது, உலாவியில் ஒரு பக்கம் திறந்தாலே வேகம் 4.1க்குத் தாவி, வெப்பம் 90ஐத் தாண்டி, விசிறி அலறுவது. விண்டோஸின் மின்திட்டத்தில் அதிகபட்சச் செயலி அதிர்வெண் என்ற அமைப்பு ஒளித்துவைக்கப்பட்டிருக்கிறது. பவர்சிஎஃப்ஜி கட்டளையால் அதை வெளியே கொண்டுவந்து, மெகாஹெர்ட்ஸ் கணக்கில் 3200 என்று இட்டேன்; பூஜ்யம் என்றால் வரம்பில்லை. இது இயங்குதளத்தின் சொந்த வசதி என்பதால் டிரைவரும் தேவையில்லை, ஹைப்பர்வைசரோடு மோதலும் இல்லை. அன்றாட வேலையில் வெப்பம் 70 டிகிரிக்குள் அடங்கிவிட்டது. நீண்ட எக்ஸ்போர்ட்டின் நேரம் மாறவில்லை, ஏனென்றால் அது இந்த உச்சவரம்புக்குக் கீழேதான் ஓடுகிறது.

ஹைப்பர்வைசரைப் பழையபடி தானியங்கு நிலைக்கு மாற்றி, மெமரி இன்டெக்ரிட்டியை இயக்கி, டபிள்யூஎஸ்எல் துவங்குகிறதா என்று பார்த்துவிட்டு, திராட்டில்ஸ்டாப்பின் கோப்புறையை நீக்கினேன். மறுநாள் துவக்கத்திலும் விண்டோஸின் டாஸ்க் ஷெட்யூலர், இல்லாத அந்த நிரலைத் தேடிப் பிழைக் குறிப்பு எழுதிக்கொண்டிருந்தது. அக்டோபரில் நானே உருவாக்கிய துவக்கப் பணி அது. அதையும் அழித்துவிட்டு, குறிப்பேட்டில் 3.5 என்று இருந்த இடத்துக்குப் பக்கத்தில் 3.1 என்றும், அன்றைய தேதியையும் எழுதி வைத்தேன்.